காலடியில் ஒரு ரகசியம்!
டைல்ஸ் ஒட்டும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

"டொக்... டொக்..."

வீட்டுக்குள் நடக்கும்போது இப்படி ஒரு சத்தம் கேட்கிறதா?

கேட்டால், தரை ஏதோ சொல்கிறது என்று பொருள்!

"எனக்கு அடியில் ஒன்றும் இல்லை. வெறும் காற்றுதான் இருக்கிறது." இதுதான் தரை சொல்லும் செய்தி.

கடையில் டைல்ஸ் வாங்கும்போது எல்லோரும் நிறம் பார்க்கிறார்கள். பூ பார்க்கிறார்கள். பளபளப்பு பார்க்கிறார்கள். அந்த டைல்ஸ் எதன் மேல் உட்காரப் போகிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

டைல்ஸ் தானாக உடைவதில்லை. பெரும்பாலும் அடியில் இருப்பது அசைந்தால்தான் அது உடைகிறது.

வயல் வீடாயிற்று

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது கூடுவாஞ்சேரி. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை. இன்னொரு பக்கம் ரெயில் பாதை. அருகிலேயே நந்திவரம் ஏரி.

பேரூராட்சியாக இருந்த நந்திவரம்-கூடுவாஞ்சேரி, 2021-ம் ஆண்டில் நகராட்சி ஆயிற்று. பக்கத்தில் உள்ள கிளாம்பாக்கத்தில் 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. மனை வாங்குவோரும் வீடு கட்டுவோரும் பெருகிவிட்டார்கள்.

இந்த வட்டாரம் ஏரிகள் நிறைந்த வட்டாரம். ஏரி இருந்தால் அதன் கீழே வயல் இருக்கும். வயலில் களிமண் இருக்கும். அப்படிப்பட்ட வயல்கள் பல இன்று வீட்டு மனைகள்.

களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் ஊதிக்கொள்ளும். வெயில் அடித்தால் சுருங்கிவிடும். சுருங்கும்போது வெடிக்கும்.

2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்குப் பிறகு வீடு கட்டியவர்கள் பலர், "தரை உயரமாக இருக்க வேண்டும்" என்று சொல்லிக் கட்டினார்கள்.

தரையை உயர்த்துவது நல்லதுதான். ஆனால் உயர்த்துவது என்றால் என்ன? நான்கு சுவருக்கு நடுவே மண்ணைக் கொட்டி நிரப்புவது. அந்த மண்ணின் மேல்தான் தரை!

அங்கேதான் வருகிறது தொல்லை.

வைகாசி போனால் ஆவணி!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம்.

கணவர் மறைமலை நகரில் தொழிற்சாலை வேலை செய்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். பதினைந்து வருடம் வாடகை வீடு. சீட்டுப் பணம், நகை, பாங்கிக் கடன் எல்லாம் சேர்த்து ஒரு வீடு கட்டினார்கள்.

சுவர் எழுந்தது. மேல் தளமும் போட்டாயிற்று. உள்ளே 2 அடி உயரம் மண் கொட்ட வேண்டும்.

"மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு, சில நாள் அப்படியே விட வேண்டும் சார்" என்றார் மேஸ்திரி.

"அதற்கு நேரம் ஏது மேஸ்திரி? வைகாசியில் நாள் பார்த்தாயிற்று. ஆனியும் ஆடியும் ஆகாது. வைகாசி போனால் ஆவணிதான். மூன்று மாதம் வாடகையும் கட்டி, கடனும் கட்ட என்னால் ஆகாது" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மண் ஒரே நாளில் கொட்டப்பட்டது. மறுநாள் கான்கிரீட். பத்தாம் நாள் டைல்ஸ். வைகாசியில் பால் காய்ச்சினார்கள். வந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்து, "முகம் தெரிகிறதே!" என்றார்கள்.

ஐப்பசி மழை வந்தது. கார்த்திகை மழையும் வந்தது.

தை மாதத்தில் ஒரு நாள், கூடத்தின் நடுவில் "டப்" என்று சத்தம். நான்கு டைல்ஸ் கூரை போலக் கூம்பி நின்றன. சுவர் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"என்ன மேஸ்திரி இது? வருடம்கூட ஆகவில்லையே! மட்டமான டைல்ஸை வாங்கிவிட்டோமா?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மாள்.

மேஸ்திரி குனிந்து, சாவிக்கொத்தால் தரையைத் தட்டினார். கூடம் முழுவதும் "டொக், டொக்."

"டைல்ஸ் மேல் தப்பு இல்லை அம்மா. அடியில் மண் இறங்கிவிட்டது."

வீட்டுக்காரர் பேசவில்லை. மேஸ்திரியும் மேலே ஒன்றும் சொல்லவில்லை. "அன்றைக்கே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இது கற்பனைக் கதை. ஆனால் தரை இப்படித்தான் கெடுகிறது.

10 கன அடி காற்று

மண் ஏன் இறங்குகிறது?

லாரியிலிருந்து கொட்டிய மண் உதிரியாக இருக்கும். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே காற்று இருக்கும். தண்ணீர் இறங்கினால் காற்று வெளியேறும். மண் நெருங்கி உட்காரும். உயரம் குறையும்.

ஒரு கணக்குப் பாருங்கள். அறை 10 அடிக்கு 12 அடி. பரப்பு 120 சதுர அடி. மண் ஓர் அங்குலம் மட்டும் இறங்கினால், கான்கிரீட்டுக்கு அடியில் 10 கன அடி காலி இடம் ஏற்பட்டுவிடும்!

அந்தக் காலி இடத்தின் மேல் பீரோ நிற்கிறது. கட்டில் நிற்கிறது. பிள்ளைகள் குதிக்கிறார்கள். தரை எத்தனை நாள் தாங்கும்?

மண் நிரப்பும் சரியான முறை இது:

ஏரிக் களிமண் வேண்டாம். சரளை மண், கிராவல் போன்றது நல்லது. இடித்த கட்டடத்துக் குப்பை, மரத்துண்டு, வேர் எதுவும் கலக்கக் கூடாது. மரம் மட்கினால் அந்த இடம் பள்ளம் ஆகும்.

மொத்தமாகக் கொட்டக் கூடாது. 6 முதல் 8 அங்குலம் கொட்ட வேண்டும். தண்ணீர் தெளிக்க வேண்டும். திமிசுக்கட்டையாலோ, இயந்திரத்தாலோ நன்றாக இடிக்க வேண்டும். பிறகுதான் அடுத்த அடுக்கு.

சுவர் ஓரமும் மூலையும் முக்கியம். திமிசுக்கட்டை சரியாகப் போகாத இடம் அதுதான். தரை முதலில் இறங்குவதும் அங்கேதான்.

மண்ணுக்கு மேல் ஜல்லிக் கான்கிரீட். 1 பங்கு சிமெண்டு, 4 பங்கு மணல், 8 பங்கு ஜல்லி என்பது தரைக்கு அடியில் போடும் கலவை. 4 அங்குல கனம் போடுவது வழக்கம்.

போட்ட பிறகு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "காய்ந்தால்தான் சிமெண்டு இறுகும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! தண்ணீரோடு சேர்ந்துதான் சிமெண்டு இறுகுகிறது. சீக்கிரம் காய்ந்த சிமெண்டு பொடியாக உதிரும்.

வண்ணாரப்பேட்டைச் சிமெண்டு

இன்று ஊருக்கு ஊர் சிமெண்டு கடை இருக்கிறது. இந்தச் சிமெண்டு பிறந்தது எங்கே தெரியுமா?

1824-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் இதற்கு உரிமம் பெற்றார். போர்ட்லண்ட் என்ற ஊர்க் கல்லைப் போல் இருந்ததால் "போர்ட்லண்ட் சிமெண்டு" என்று பெயர் வைத்தார்.

இந்தியாவில் சிமெண்டு செய்யும் ஆரம்ப கால முயற்சிகளில் ஒன்று நடந்தது சென்னையில்தான்! 1904-ல் வண்ணாரப்பேட்டையில், கடல் கிளிஞ்சல்களைக் கொண்டு செய்து பார்த்தார்கள். அந்தத் தொழில் நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது.

சிமெண்டு வந்த பிறகு வீட்டுத் தரைகள் மாறின. சிவப்புக் காவித் தரை வந்தது. காரைக்குடிப் பக்கத்தில் ஆத்தங்குடிக் கல் பேர் பெற்றது. பிறகு மொசைக். இப்போது டைல்ஸ். இந்தியாவில் டைல்ஸ் தொழில் மிகுந்த ஊர், குஜராத்தில் உள்ள மோர்பி.

தண்ணீர் குடிக்காத டைல்ஸ்

பழைய செராமிக் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் அதைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினார்கள். சிமெண்டுப் பால் அதன் முதுகுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது கூடத்துக்குப் போடுவது விட்ரிஃபைடு டைல்ஸ். அது அநேகமாகத் தண்ணீர் குடிப்பதே இல்லை. 100 கிராம் டைல்ஸ் அரை கிராம் தண்ணீருக்கு மேல் இழுக்காது. ஆகையால் வெறும் சிமெண்டுப் பால் அதைச் சரியாகப் பிடிக்காது.

இதற்கென்றே ஒட்டும் பசை இருக்கிறது. அதுவும் சிமெண்டுதான்; பிடிப்புக்காக வேறு சில பொருள்கள் சேர்த்தது. மூட்டையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். செராமிக் டைல்ஸுக்கு ஒரு வகை, விட்ரிஃபைடு டைல்ஸுக்கு இன்னொரு வகை என்று அதில் பிரிவுகள் உண்டு.

ஒரு தவறு எங்கும் நடக்கிறது. நான்கு மூலைக்கு நான்கு உருண்டை, நடுவில் ஒன்று. இப்படி ஐந்து உருண்டை வைத்து டைல்ஸை அழுத்திவிடுவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உருண்டைக்கு நடுவே எல்லாம் காற்று! அந்த இடத்தில் அம்மிக் குழவி விழுந்தால் டைல்ஸ் பிளக்கும்.

பல் வைத்த கரண்டியால், பசையைத் தரை முழுவதும் கோடு கோடாக இழுக்க வேண்டும். அதன் மேல் டைல்ஸை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும். இடையிடையே ஒரு டைல்ஸை எடுத்து முதுகைப் பார்க்க வேண்டும். முதுகு முழுவதும் பசை அப்பியிருந்தால் வேலை சரி.

டைல்ஸுக்கு டைல்ஸ் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சுவர் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம். வெயிலில் தரை சிறிது நீளும். நீள இடம் இல்லாவிட்டால் மேலே எழும்பிவிடும்!

மண் இல்லாத தரை

மாடியிலே ஓர் அறை போடுகிறார்கள். இரும்புச் சட்டம் நிறுத்திக் கட்டுகிறார்கள். கடைக்குள்ளே பாதி உயரத்தில் ஒரு தட்டு அமைத்துச் சாமான் அடுக்குகிறார்கள். அங்கே மண்ணும் இல்லை, ஜல்லியும் இல்லை. டைல்ஸை எதன் மேல் ஒட்டுவது?

அதற்குத்தான் சிமெண்டுப் பலகை.

அமெரிக்காவில் வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டத்தால் ஆனவை. தரையும் மரப்பலகை. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். நம் களிமண்ணைப் போலத்தான்! அதன் மேல் நேரே டைல்ஸ் ஒட்டினால் நிற்காது. அதனால் மரத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே சிமெண்டுப் பலகையை வைக்கிறார்கள்.

சிமெண்டுத் தகடு செய்யும் முறைக்கு 1901-ல் உரிமம் பெற்றவர், ஆஸ்திரியா நாட்டு லுட்விக் ஹாட்செக். அவர் சிமெண்டுடன் கல்நாரைக் கலந்தார். கல்நார்த் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்பது பிறகு தெரிந்தது. இப்போது வரும் பலகைகளில் கல்நாருக்குப் பதில் மரக்கூழ் நார் சேர்க்கிறார்கள். வாங்கும்போது, "இது கல்நார் இல்லாததா?" என்று கேட்டே வாங்க வேண்டும்.

பலகை பொருத்தும் விதம்

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆடுகிற சட்டத்தைப் பலகை நிறுத்தாது! ஏறி நின்று குதித்துப் பார்த்தால் சட்டம் அதிரக் கூடாது. அதிர்ந்தால் இன்னும் குறுக்குச் சட்டம் போட வேண்டும். 2 அடிக்கு ஒரு சட்டம் என்பது பொதுவான கணக்கு. பலகை செய்தவர் தரும் தாளில் உள்ள அளவே முடிவானது.

இரும்புச் சட்டத்தின் மேல் நேரே போடுவதற்கு 18 மில்லிமீட்டர் கனம் உள்ள பலகை வேண்டும். 8 அடிக்கு 4 அடி பலகை ஒன்று ஏறக்குறைய 70 கிலோ எடை! ஒருவர் தூக்கக் கூடாது. இருவர் பிடித்து, படுக்கையாக அல்லாமல், செங்குத்தாக நிறுத்தித் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் முறியும்.

பலகைகளைச் செங்கல் வரிசை போல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நான்கு மூலை ஓர் இடத்தில் சேரக் கூடாது. சேர்ந்தால் அந்த இடத்தில் வெடிப்பு வரும்.

பலகைக்குப் பலகை 3 மில்லிமீட்டர் இடைவெளி. சுவர் ஓரத்தில் 6 மில்லிமீட்டர்.

திருகாணி 8 அங்குலத்துக்கு ஒன்று. பலகையின் ஓரத்துக்கு மிக நெருக்கமாக அடித்தால் ஓரம் உடையும். திருகாணித் தலை பலகை மட்டத்துக்குள் அமிழ வேண்டும். துருப்பிடிக்காத திருகாணியாக இருப்பது அவசியம்.

மரத் தரை என்றால் மெல்லிய பலகை போதும். ஆனால் மரத்தின் மேல் முதலில் ஒட்டும் பசையைப் பல் கரண்டியால் இழுத்து, அதன் மேல் பலகையை வைத்துத் திருக வேண்டும். பசை எதற்கு? பள்ளம் மேட்டை நிரப்பத்தான். பலகையைப் பிடித்திருப்பது திருகாணி. காற்று புகாமல் காப்பது பசை.

இடைவெளிகளில் பசையை நிரப்பி, அதன் மேல் கண்ணாடி நார் வலைப்பட்டையை ஒட்ட வேண்டும். பிறகுதான் டைல்ஸ்.

குளியல் அறையா? இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சிமெண்டுப் பலகை தண்ணீரில் கெடாது. ஆனால் தண்ணீர் அதன் வழியே ஊறிக் கீழே இறங்கும். ஆகவே, டைல்ஸுக்கு முன் நீர் காக்கும் பூச்சு பூச வேண்டும். சுவரிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றிப் பூச வேண்டும்.

கதவையும் மறக்கக் கூடாது. பலகையும் டைல்ஸும் சேர்ந்தால் தரை ஓர் அங்குலத்துக்கு மேல் உயரும். கதவின் அடியை முன்கூட்டியே இழைக்காவிட்டால், கதவு திறக்காது!

மூச்சில் கலக்கும் தூசி

டைல்ஸையும் சிமெண்டுப் பலகையையும் வட்ட ரம்பத்தால் அறுக்கும்போது வெள்ளைப் புகை போல் தூசி கிளம்பும். அது வெறும் தூசி அல்ல. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள். சிலிகா என்று சொல்வார்கள்.

அது நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது. வருடக்கணக்கில் சேர்ந்து, மூச்சு விட முடியாத நோயைக் கொடுக்கும். சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். இந்த நோய் வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் வழி உண்டு.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தூசி பறப்பது மிகவும் குறையும். பலகையை ரம்பத்தால் அறுக்காமல், கூர்மையான கத்தியால் ஆழக் கீறி, முட்டுக் கொடுத்து முறிக்கலாம். மெல்லிய பலகைக்கு அது போதும். வெளியில் அறுக்க வேண்டும். அறைக்குள் அறுக்கக் கூடாது. முகத்தில் நல்ல மூக்குக்கவசம் வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரும், நாலு மூக்குக்கவசமும் வாங்கிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? தரையைப் போட்டவருக்கும் மூச்சு இருக்க வேண்டும் அல்லவா?

எத்தனை டைல்ஸ் வாங்குவது?

120 சதுர அடி அறைக்கு 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் என்றால், ஒன்று 4 சதுர அடி. 30 டைல்ஸ் போதும். அறுப்பதிலும் உடைவதிலும் 10 சதவீதம் போகும். 33 என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்கு 4 வீதம் 9 பெட்டி வாங்கினால் 36.

மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பரணில் வைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஒன்று உடைந்தால், அதே நிறம் கடையில் கிடைக்காது!

ஒரு ரூபாய்க் காசு

அந்தக் கூடுவாஞ்சேரிக் குடும்பம் என்ன செய்தது?

கூடத்தின் தரையைப் பெயர்த்தார்கள். கான்கிரீட்டை உடைத்தார்கள். கை நுழையும் அளவுக்குப் பள்ளம்! புதிதாகச் சரளை மண் போட்டு, தண்ணீர் விட்டு, அடுக்கு அடுக்காக இடித்தார்கள். அந்த வேலை முடியும்வரை குடும்பம் முழுவதும் ஒரே அறையில் படுத்தது.

"மேஸ்திரி, எப்போது டைல்ஸ் ஒட்டலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். இந்தத் தடவை நான் நாள் பார்க்கவில்லை" என்றார் வீட்டுக்காரர்.

மேஸ்திரி சிரித்தார். "கூலியில் பாதி குறைத்துக்கொள்கிறேன் சார். அன்றைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து, வயதான தாயார் ஒரு ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினார். நடுவில் ஒரு தட்டு. நான்கு மூலைக்கு நான்கு தட்டு.

"டிக். டிக். டிக்."

"எல்லாம் கெட்டியாக இருக்கிறதடா" என்றார்.

புது வீட்டில் பணம் கொடுத்துக் கணக்கு முடிக்கும் முன்பு, யாரும் இதைச் செய்து பார்க்கலாம். அதற்கு ஒரு ரூபாய் போதும். அந்த ரூபாயும் செலவாகாது!